ஆளை விட்டுப் போன ஓட்டம்

வெள்ளைத்துறை உப்பளத்தில் நடந்த அநியாயங்களை வரிசை பிசகாமல் சொல்ல வேண்டும். வரிசை பிசகினால் எதிர்த்தரப்பு அந்தப் பிசகைப் பிடித்துக்கொண்டு அநியாயமே நடக்கவில்லை என்று சாதித்துவிடும்.

முதல் அநியாயம் நிழல். கடலோரப் புறம்போக்கைக் குத்தகைக்கு வளைத்த கம்பெனி, பாத்தி கட்ட இடைஞ்சல் என்று சொல்லி அங்கிருந்த உடைமரங்களை ஒன்று விடாமல் வெட்டியது. இரண்டாவது தண்ணீர். குடிதண்ணீர் வண்டி கம்பெனி வாசலோடு நின்றுகொள்ளும், நாக்கு வறண்டவர்கள் வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து வந்து குடித்துவிட்டு, அந்தத் தாகத்தையே மறுபடி சம்பாதித்துக்கொண்டு திரும்ப வேண்டும். மூன்றாவது துப்பாக்கி. நிழலும் தண்ணீரும் கேட்டு வரப்பில் உட்கார்ந்தவர்களில் நாலு பேர் எழுந்திருக்கவே இல்லை. நான்காவது தூண். அந்த நாலு பேருக்கும் ஊருக்குள் நினைவுத்தூண் வைக்க இடமில்லை என்று சொல்லி, உப்பளத்துக்கு அந்தப்பக்கம், தோணிகள் வராமல் போன பழைய துறைமுனையில், நண்டும் உள்ளான் குருவியும் மட்டும் பார்க்கும்படி வைக்கச் சொன்னார்கள். ஐந்தாவது பேச்சிக்கனியின் முழங்கால். ஆறாவதைச் செய்தது கம்பெனியும் அல்ல, போலீசும் அல்ல. நம்மவர்கள் செய்தார்கள். முதல் ஐந்தைப் பற்றியும் எத்தனையோ துண்டறிக்கை வந்தாயிற்று. ஆறாவதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்பதால்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தூண் ஊருக்கு வெளியே போனதால் ஊருக்கு ஒரு ஓட்டம் கிடைத்தது. வருஷா வருஷம் உப்பளத் தொழிலாளர் சங்க மாநாட்டன்று தூணடியில் சுடர் ஏற்றி, அதை அணையாமல் உப்பளத்தைக் கடந்து, ஊருக்குப் பிரிகிற விலக்கு ரோட்டைக் கடந்து, மாநாட்டு மைதானம் வரை ஒரே ஆள் ஓடிக் கொண்டுவர வேண்டும். பதினாறு வயதில் அந்தச் சுடரை முதலில் வாங்கிய பேச்சிக்கனி நாற்பது வயது வரைக்கும் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கட்டினவன் திருப்பூருக்குப் போய் அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்ட வருஷமும் ஓடினாள். செருப்பில்லாமல், சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, வரப்பைச் சுற்றிப் போகாமல் பாத்திகளுக்குக் குறுக்கே விழுந்து ஓடுவாள். அந்த ஒரு நாளுக்காக வருஷம் பூராவும் விடியலில் அதே பாதையில் ஓடிப் பழகுவாள். ஏனென்றால் கம்பெனியில் அவள் பெயர் ஒன்பதாம் பாத்தி. "ஏ ஒன்பது, இங்க வா" என்றுதான் கூப்பிடுவார்கள். சுடர் வந்து சேர்ந்ததும் மைதானத்தில், ஒலிபெருக்கியில், சாட்சிகள் முன்னால் கொண்டுவந்தவரின் பெயரை வாசிப்பது சங்கத்தின் வழக்கம். வருஷத்தில் ஒரு தடவை ஊர் முழுக்க அவள் பெயர் கேட்கும். மற்ற நாளெல்லாம் அவள் ஒரு எண்.

சாட்சி வைக்கிற வழக்கம் வந்ததற்கும் காரணம் உண்டு. ஒரு வருஷம் கம்பெனி ஆட்கள், சுடர் தூணிலிருந்து வரவில்லை, மேடைக்குப் பின்னால் தீப்பெட்டி உரசி ஏற்றினார்கள் என்று கிளப்பிவிட்டார்கள். அதிலிருந்து மூன்று சாட்சிகள் முன்வரிசையில் இருப்பார்கள். அதில் ஒருவர் சங்கத்தில் இல்லாதவராக இருக்க வேண்டும், அவர்தான் பெயரை வாசிக்க வேண்டும். சங்கத்தில் இல்லாதவர், சங்கத்தைப் பிடிக்காதவர், ஆனால் பொய் சொல்லாதவர் என்று தேடியதில் ஊரில் ஒரே ஒருத்தர் தேறினார். விலக்கில் டீக்கடை வைத்திருந்த உமையொருபாகம் அண்ணாச்சி. நெற்றி நிறையத் திருநீறு பூசி, முருகன் படத்துக்குச் சூடம் காட்டிய பிறகுதான் பாய்லரில் கரி போடுவார்.

அவளுக்கு நாற்பது வயது நடந்த வருஷம், ஆடி மாதம், உப்பைக் குவித்து வைக்கும் தட்டுமேட்டில் கல்லாய் இறுகிக் கிடந்த உப்பு அம்பாரத்தை மேலிருந்து வெட்டி இறக்காமல், லாரி நிற்கிறது, லாரி நிற்கிறது என்று விரட்டிக் கீழேயிருந்து குடைய வைத்தார் கம்பெனிக் கணக்கப்பிள்ளை. குடைந்த வாய்க்கு மேலே இருந்த உப்பு மொத்தமாகச் சரிந்து பேச்சிக்கனியின் இடது முழங்காலில் விழுந்தது. பெரியாஸ்பத்திரியில் கம்பி வைத்து, இடுப்பு வரை மாவுக்கட்டுப் போட்டு, "நடந்தா சந்தோசப்படும்மா. ஓட்டத்தப் பத்தி நெனைக்காத" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அவர் நல்லவர்தான். ஆனால் அந்த ஓட்டம் ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

மறுநாள் விடியலில் உமையொருபாகம் பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது உப்பளப் பக்கமிருந்து காலடிச் சத்தம் வந்தது. வலது கால் அழுத்தமாகவும் இடது கால் தொட்டும் தொடாமலும் விழுகிற, இருபது வருஷத்துக்கு மேலாக அவர் காதில் விழுந்து பழகிய சத்தம். "கால் ஒடிஞ்சவ அதுக்குள்ள எந்திச்சிட்டாளா" என்று எட்டிப் பார்த்தார். ரோட்டில் ஆள் இல்லை. ரோட்டுப் புழுதியில் ஒன்றன்பின் ஒன்றாகக் காலடித் தடம் மட்டும் பதிந்துகொண்டே வந்து, கடையைத் தாண்டி, மைதானத்தைப் பார்த்துப் போனது. தடத்துக்குப் பக்கத்தில் வியர்வைத் துளிகள் விழுந்து, விழுந்த இடத்திலேயே வெள்ளையாய்க் காய்ந்தன. படுத்திருந்த நாய் எழுந்து வாலை ஆட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. அண்ணாச்சி திரும்பி வந்து பாலை இறக்கினார். பால் பொங்குகிற நேரத்தில் ஆச்சரியப்பட்டால் பால்தான் நஷ்டம்.

பேச்சிக்கனியின் உடம்புதான் விழுந்தது, ஓட்டம் விழவில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஊர் ஒரு வாரத்துக்குள் புரிந்துகொண்டது. புரிந்த பிறகு அதை வைத்துக்கொண்டு பிழைக்கவும் பழகிக்கொண்டது. முதல் பஸ்ஸின் டிரைவர் விலக்கில் வண்டியை நிறுத்தி அது கடந்து போன பிறகுதான் கியர் போட்டார். உப்பு வாரப் போகிற பெண்கள் அந்தச் சத்தம் கேட்டால் உலை வைத்தார்கள், அந்தச் சத்தம் தேய்ந்தால் தூக்குவாளியை எடுத்தார்கள். மூட்டுவலிக்காரர்கள் பாதையில் துண்டை விரித்து, ஓட்டம் மிதித்துப் போன துண்டை முழங்காலில் கட்டிக்கொண்டார்கள். அம்மன் கோயில்காரர்கள் அது ஊர்க்காவல் என்றார்கள், மாதா கோயில்காரர்கள் மாதா கொடுத்த அடையாளம் என்றார்கள். இரண்டு தரப்பும் வாசலில் விளக்கு வைத்துப் பார்த்தும் அது எந்த விளக்கையும் திரும்பிப் பார்க்காமல் போனது. பாத்திகளில் விளைந்த உப்பின் மேல் தடம் பதிவதால் சேதம் என்று கம்பெனி ஒரு எச்சரிக்கைப் பலகை நட்டது. காவலுக்கு நின்றவன் முதல் நாள் "யாரது" என்று அதட்டினான், இரண்டாம் நாள் வழிவிட்டான், மூன்றாம் நாள் எழுந்து நின்று சல்யூட் அடித்தான். ஐப்பசியில் மழை இறங்கிப் பாத்தியெல்லாம் கடலோடு கடலாகக் கிடந்தபோது, தண்ணீருக்கு மேலே வட்டம் வட்டமாக அலை எழும்ப அது ஓடிப் போவதைப் பார்க்கப் பக்கத்து ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள்.

சங்கத்துக்குத்தான் கஷ்டமாகிவிட்டது. பேய் பிசாசு கிடையாது என்று முப்பது வருஷமாகச் சுவரில் எழுதியவர்கள், தினம் காலையில் அந்தச் சுவரை ஒட்டி ஓடுகிற ஒன்றை என்னவென்று சொல்வது? கிளைக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் செயலாளர் சவரிராயன் எழுந்தார். ஒரு காலத்தில் அவரும் உப்பு வாரியவர்தான். இப்போது சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருந்தார்.

"தோழர்களே, உழைப்பாளிகிட்ட இருந்து உழைப்பைப் பிரிச்சு எடுக்கிறான்னு வகுப்புல எத்தனை தடவை சொல்லியிருக்கோம். இப்பக் கண்ணு முன்னால பிரிஞ்சு ஓடுது. இதுல மூடநம்பிக்கை எங்க இருக்கு? இது விஞ்ஞானம்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஓட்டத்தைச் சங்கத்தின் உறுப்பினராக ஏற்றுத் தீர்மானம் போட்டார்கள். சந்தாவை யார் கட்டுவது என்று ஒரு குரல் கேட்டது, தலைமை அடுத்த தீர்மானத்துக்குப் போனது.

வீட்டுக்கு வந்து மாவுக்கட்டுக்குள் கிடந்த பேச்சிக்கனிக்கு இந்தச் செய்தியெல்லாம் பக்கத்து வீட்டு அந்தோணியம்மா மூலம் வந்து சேர்ந்தது. ஒரே பாத்தியில் இருவரும் எதிரெதிரே நின்று உப்பு வாரியவர்கள்.

"எட்டி, ஒன் ஓட்டம் போயிட்டு வந்துட்டு. நீ இன்னும் பாயில கெடக்க," என்பாள் கஞ்சியை வைத்துவிட்டு.

"எப்படி இருக்கு?"

"ஒன்னைய விட நல்லாத்தான் இருக்கு. மூச்சு வாங்கல, முனங்கல, எனக்கு அத எடு இத எடுன்னு வேலை வைக்கல."

பேச்சிக்கனி சிரிப்பாள். அந்தோணியம்மா போன பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். விடியலில் அந்தச் சத்தம் அவள் குடிசையைக் கடக்கும்போது உள்ளங்கால் இரண்டும் தன்னால் விரியும். கண்ணை மூடிக்கொண்டால் ஓடுவது தானே என்று தோன்றும், திறந்தால் ஓலைக் கூரை தெரியும். தான் செத்துப்போய், தன் உயிர் தினமும் வாசலைக் கடந்து போவதைத் தானே படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. கூரையைப் பார்த்து அவள் கேட்டது ஒன்றுதான்: மாசியில் மாநாடு வரும், அன்றைக்கு நான் ஓட வேண்டும்.

கட்டுப் பிரித்தபோது கால் வேறு யாருடையதோ போல மெலிந்து வெளுத்திருந்தது. கம்பை ஊன்றினாள், கம்பை விட்டாள், சுவரைப் பிடித்தாள், சுவரை விட்டாள், விழுந்தாள். தை பிறந்ததும், மழையில் கரைந்த பாத்திகளைப் புதிதாகத் திருத்தி மிதிக்கிற வேலை தொடங்கியது. களிமண்ணில் தண்ணீர் விட்டுக் குழைத்து, பெண்கள் வரிசையாக நின்று, ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு, தரை இறுகிப் பாறை மாதிரி ஆகும் வரை காலால் மிதித்துக்கொண்டே போவார்கள். நொண்டிக்கு வேலை இல்லை என்றார் கணக்கப்பிள்ளை. "அவ எங்க தோளத்தான பிடிச்சிட்டு வாரா, ஒம்ம தோளயா பிடிச்சா?" என்று அந்தோணியம்மா கேட்டதில் அவர் குடையை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போனார்.

களி முதலில் கணுக்கால் வரை வாங்கியது. விழுந்தாலும் அடிபடாத மண். முழங்கால் மடங்கப் பயந்தபோது வரிசை மடக்கியது, எழப் பயந்தபோது வரிசை தூக்கியது. இடம், வலம், இடம், வலம் என்று அத்தனை பெண்களின் கால் சேர்ந்து போட்ட தாளத்தில் அவளுடைய இடது கால் தன்னுடைய பழைய வேலையை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டது. மண் இறுக இறுகக் காலும் இறுகியது. ஒரு பாத்தி முடிந்தபோது தோளிலிருந்து கையை எடுத்தாள். அடுத்த பாத்தி முடிந்தபோது, ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை, பார்ப்பவர்களுக்கு ஓட்டம் என்றே தெரியாத ஒரு ஓட்டம் ஓடினாள்.

அப்படிக் கம்பத்துக்குக் கம்பம் போய்க்கொண்டிருந்த ஒரு விடியலில்தான் பின்னாலிருந்து அது வந்தது. முதலில் சத்தம், பிறகு வெக்கை, பிறகு தன் தலையில் தானே வைத்த நல்லெண்ணெயின் வாடை. விலா உரச அவளைத் தாண்டிப் போனது. தடம் தடமாக முன்னால் நீண்டு, விலக்கைத் திரும்பி மறைந்தது. வேறு யார் முந்தியிருந்தாலும் பேச்சிக்கனி வைது தீர்த்திருப்பாள். முந்திப் போனவளும் பேச்சிக்கனி. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் இவ்வளவு அழகாகவா ஓடினேன் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் அதன் மேல் பொறாமை வந்தது.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவளிடம் உமையொருபாகம் கிளாசை நீட்டினார்.

"முந்திட்டா போல."

"ஆமா அண்ணாச்சி."

"அவளுக்கு என்ன, கால் கிடையாது, வலி கிடையாது. டீ குடிக்கவும் நிக்க மாட்டா. நீதான் என் கஸ்டமர்."

மாசி மாநாட்டுக்கு முந்தின வாரம் சவரிராயன் தட்டில் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். பழத்தட்டைப் பார்த்ததும் பேச்சிக்கனிக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. சங்கத்தில் யாரும் யாருக்கும் நல்ல செய்தி சொல்லப் பழத்தோடு வருவதில்லை.

"இந்த வருசம் சுடரை ஓட்டமே கொண்டுவரட்டும்னு செயற்குழுவுல முடிவாயிருக்கு தோழர். மாநிலத் தலைமை வருது. பேப்பர்காரங்க வாராங்க. அதுக்காகவே மாநாட்டை விடியக்காலம் வச்சிருக்கோம்."

"யாரோட ஓட்டம்?"

"ஒங்க ஓட்டந்தான். அதுல சந்தேகமே இல்ல. ஒங்களுக்கு மேடையில நாற்காலி உண்டு. துண்டு போடுறோம்."

"வேர்வையே வராதவளுக்குத் துண்டு எதுக்கு தோழர்?"

"அப்படிப் பேசாதீங்க. ஒங்க கால் இருக்கிற நெலமையில நீங்க ஓடி, பாதியில நின்னு, சுடர் அணைஞ்சா யாருக்கு அசிங்கம்? இயக்கத்துக்கு. தனிநபரை விட அமைப்பு பெருசு. ஓட்டம் இப்ப நம்ம உறுப்பினர்."

"அப்ப நான்?"

சவரிராயன் பேனாவைச் சரிசெய்தார். "நீங்களும் உறுப்பினர்தான்," என்றார். "சந்தா பாக்கி இருக்கு, பார்த்துக்கலாம்."

இதுதான் ஆறாவது அநியாயம். கம்பெனி அவளுடைய காலை எடுத்துக்கொண்டது. நம்மவர்கள் ஓட்டத்தை எடுத்துக்கொண்டு, மிச்சம் கிடந்த ஆளுக்கு நாற்காலி போட்டார்கள். துண்டறிக்கை எழுதத் தெரிந்த எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஒருவரும் எழுதவில்லை.

"நான் நாற்காலிக்கு வரமாட்டேன். தூணுக்கு வாரேன்," என்று மட்டும் பேச்சிக்கனி சொன்னாள்.

அந்தோணியம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் பேச்சிக்கனியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மற்றப் பெண்களைக் கூட்டினாள். மாநாட்டுக்கு முந்தின சாயங்காலம், கணக்கப்பிள்ளை போன பிறகு, ஓட்டம் குறுக்கே போகிற பாதையில் அவர்களே மிதித்து இறுக்கிய ஒன்பதாம் பாத்தியை மண்வெட்டியால் கிளறித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அந்தத் தரையை இறுக்க எத்தனை நாள் மிதித்தார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். கிளறும்போது ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை.

விடியலில் தூணடியில் சவரிராயனும் தொண்டர்களும் சுடரை ஏற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்சம் தள்ளிப் பேச்சிக்கனி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். அவளை யாரும் பார்க்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை. கிழக்கு வெளுத்தபோது சத்தம் வந்தது. நீட்டிய கையிலிருந்து சுடர் விடுபட்டு, அந்தரத்தில் ஒரு பெண்ணின் தோள் உயரத்துக்கு ஏறி, ஒரு தடவை காற்றில் சாய்ந்து நிமிர்ந்து, ஓடத் தொடங்கியது. தொண்டர்கள் கோஷம் போட மறந்தார்கள். சவரிராயனே வாயைத் திறந்தபடி நின்றார். அந்த ஒரு கணத்துக்கு அவர் பேனா வைக்காத பழைய சவரிராயனாகத் தெரிந்தார். பிறகு ஜீப்பில் ஏறி மைதானத்துக்குப் போய்விட்டார்கள். சுடருக்குப் பின்னால், வெகுதூரம் பின்னால், பேச்சிக்கனி ஓடினாள்.

ஒன்பதாம் பாத்திக்கு அவள் வந்தபோது சுடர் பாத்தி நடுவில் நின்றிருந்தது. நின்ற இடத்திலேயே மேலும் கீழும் அசைந்தது, அசைய அசையக் கீழே இறங்கியது. களி இரண்டு குழிகளாக விலகி, உள்ளே முழங்கால் அளவுக்கு ஏதோ புதைந்துகொண்டிருந்தது. வரப்பில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"எட்டி, போயி வாங்கிட்டு ஓடு," என்றாள் அந்தோணியம்மா. "ஒனக்காகத்தான் வச்சிருக்கோம்."

பேச்சிக்கனி களியில் இறங்கிக் கையை நீட்டினாள். சுடரில் கை படுவதற்கு முன்னால் ஒரு முழங்கையில் பட்டது. தன்னுடைய முழங்கை. வெயிலில் கிடந்த கல்லைப் போலச் சுட்டது. கையைக் கீழே இறக்கி, இடது தொடையைத் தடவி, முழங்காலைத் தொட்டாள். கம்பி இல்லை, தழும்பு இல்லை, உப்பு விழாத முழங்கால். அது களியிலிருந்து ஏறத் திமிறிக்கொண்டிருந்தது. வரப்பில் இருந்தவர்கள் பார்த்தது, ஒருத்தி காற்றின் காலடியில் குனிந்து காற்றைத் தடவிக்கொண்டிருப்பதை. தலையில் முந்தானை போட்டிருந்த ஒருத்தி அதை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

பிடுங்கிக்கொண்டு போயிருக்கலாம். அது தன்னுடையதுதான், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் பள்ளம் தோண்டி ஒருத்தியின் காலை முடக்கி அவள் வைத்திருந்ததை வாங்கிக்கொண்டு போகிற வேலையை யார் யார் செய்தார்கள் என்று அவளுக்கு வரிசையாகத் தெரியும். அந்த வரிசையில் போய் நிற்க அவளுக்கு மனசு வரவில்லை.

"எறங்குங்கட்டி," என்றாள் வரப்பைப் பார்த்து. "மிதிக்கணும்."

"ஒனக்குக் கிறுக்கா?" என்றாள் அந்தோணியம்மா. ஆனால் முதலில் இறங்கியவளும் அவள்தான். ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு, நடுவில் சுடரை வைத்து, இடம், வலம், இடம், வலம் என்று சுற்றிச் சுற்றி மிதித்தார்கள். தண்ணீர் பிதுங்கி விலகியது. களி இறுகியது. புதைந்த கால்களில் ஒரு கால் ஏறியது, மறு கால் ஏறியது. வட்டத்துக்குள் இரண்டு மூச்சு ஒரே மாதிரி வாங்கிக்கொண்டிருந்தன. பிறகு வட்டம் திறந்தது. சுடர் நன்றி சொல்லவும் நிற்கவில்லை, யாருக்காகவும் காத்திருக்கவும் இல்லை. ஓட்டம் என்றால் ஓடத்தானே தெரியும்? அது விலக்கைப் பார்த்துப் பறந்தது. பேச்சிக்கனிக்குச் சிரிப்பு வந்தது. பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சேற்றோடு போயிருந்தது. முன்னால் ரோடு இருந்தது. ஓடினாள்.

மைதானத்தில் ஜனம் நிரம்பியிருந்தது. ஆள் இல்லாத சுடர் நுழைந்ததும் கூட்டம் நடுவில் பிளந்து வழிவிட்டது. பிள்ளைகளைத் தோளில் வைத்திருந்தவர்கள் இறக்கிவிட்டார்கள். மாநிலத் தலைமை எழுந்து நின்றது. மேடைக்கு முன்னால் வந்து சுடர் நின்றது. அதைச் சுற்றி மூச்சு இரைக்கிற சத்தம் முன்வரிசை முழுக்கக் கேட்டது, புல்லில் சொட்டுச் சொட்டாக வியர்வை விழுந்தது. மாலையை எங்கே போடுவது என்று தெரியாமல் ஒருவர் கையில் வைத்திருந்தார்.

சவரிராயன் ஒலிபெருக்கியை உமையொருபாகத்திடம் நீட்டினார். "வாசிங்க அண்ணாச்சி. 'நம் தோழரின் ஓட்டம் சுடரைக் கொண்டுவந்தது'ன்னு சொன்னாப் போதும்."

அண்ணாச்சி சுடரையும் பார்த்தார், சுடருக்குக் கீழே இருந்த வெற்றிடத்தையும் பார்த்தார்.

"ஆள் எங்க?"

"அதுதான் நிக்குதே அண்ணாச்சி."

"எனக்குத் தெரியலயே."

"ஒங்களுக்கே தெரியலன்னா எப்படி? தெனம் சாமி கும்பிடுறீங்க. சாமி தெரியுதா?"

"சாமிக்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போடல வே. கும்பிடத்தான் செய்யுதேன். சாட்சின்னா ஆளைப் பாக்கணும். பாத்துத்தான் சொல்லணும். அதுக்குத்தான என்னைய வச்சிருக்கீரு?"

"மாநிலத் தலைமை நிக்குது அண்ணாச்சி."

"உக்காரச் சொல்லும். நெறைய நாற்காலி கெடக்கு."

கடவுள் இல்லை என்கிறவர் கண்ணுக்குத் தெரியாததை நம்பச் சொல்லிக் கெஞ்சினார். கடவுள் உண்டு என்கிறவர் கண்ணால் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டேன் என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், பிறகு யாரும் சிரிக்கவில்லை. வெயில் ஏறியது. சுடர் அந்தரத்தில் நின்றது, அதன் மூச்சு மட்டும் அடங்கவில்லை. ஓடி வந்து சேர்ந்த பிறகும் அடங்காத மூச்சைக் கேட்டுக்கொண்டு அத்தனை ஆயிரம் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, யாரும் சொல்லாமலே, முன்னால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி விலக்கு ரோட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

ரோட்டு வளைவில் ஒரு புள்ளி தெரிந்தது. வலது கால் அழுத்தமாக விழ, இடது கால் இழுபட்டு, பிறகு எழும்பி, பிறகு இழுபட்டு, ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். நடப்பவர்கள்கூட அவளை முந்திவிடலாம். ஆனாலும் அது நடை இல்லை, ஓட்டம்தான். ஒவ்வொரு அடியிலும் இரண்டு காலும் தரையை விட்டு ஒரு விரல்கடை எழும்பியதை எல்லோரும் பார்த்தார்கள். இடுப்பு வரை களி காய்ந்து வெடித்திருந்தது. அவளுக்குப் பின்னால், சத்தம் போடாமல், அதே களியோடு பாத்திப் பெண்கள் வந்தார்கள். ஜனம் எழுந்து நின்றது. மாலை வைத்திருந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டார்.

பேச்சிக்கனி மேடையைப் பார்க்கவில்லை. நேராகச் சுடருக்குக் கீழே இருந்த வெற்றிடத்துக்குள் போய் நின்றாள். அவள் மூச்சு வாங்கியது, அதன் மூச்சும் வாங்கியது, ஒன்று உள்ளே போகும்போது மற்றது வெளியே வந்தது, பிறகு இரண்டும் தட்டுத் தடுமாறி ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, முன்வரிசை கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரே மூச்சாயிற்று. சுடரைப் பிடித்திருந்த இடத்தில் ஒரு கை தெரிந்தது. நகத்துக்குள் களி இருந்தது.

உமையொருபாகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் வந்து பார்த்தார். தலையிலிருந்து கால் வரை பார்த்தார். வீங்கிய முழங்காலையும் பார்த்தார். "கொண்டாந்தது நீதானா?" என்று கேட்டார்.

அவளுக்குப் பேச மூச்சில்லை. தலையை ஆட்டினாள்.

அவர் மற்ற இரண்டு சாட்சிகளையும் திரும்பிப் பார்த்தார். அவர்களும் தலையை ஆட்டினார்கள். ஒலிபெருக்கியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், உப்பளத்தின் கடைசிப் பாத்தி வரைக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார்:

"பேச்சிக்கனி."